இல்லை என்று சொல்ல ஓர் ஆள்

ஆலந்திட்டில் கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே மனிதர் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலமானபோது, திட்டிலிருந்த மாரியம்மன் கோயிலிலும் மாதா கோயிலிலும் தர்காவிலும் அவருடைய ஆன்மாவுக்காக ஒரே நேரத்தில் பிரார்த்தனை நடந்தது. ஆன்மா என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அவர் நாற்பது வருடமாகத் தொண்டை வறளச் சொல்லிவந்ததை அந்த நேரத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தபால்காரர் பக்கிரிசாமியைத் தென்னந்தோப்புக்குப் பின்னால் எரித்துவிட்டுத் திரும்பியபோது திட்டே அழுதது. நல்ல மனிதர், அதற்காக அழுதார்கள், அது பாதிதான். மீதிப் பாதி, இனிமேல் படகு எப்படி ஓடும் என்ற கவலை.

படகைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆலந்திட்டு என்பது காயலுக்கு நடுவில் அறுபது வீடும் தென்னையும் நண்டும் கொண்ட ஒரு மணல்மேடு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பேருந்து என்று மனிதனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றரை மைல் தண்ணீருக்கு அந்தப் பக்கம் வேலங்கரையில் இருந்தன. போய்வரப் பஞ்சாயத்துப் படகு ஒன்று, அதற்கு ஒரு டீசல் எஞ்சின், சுக்கான் பிடிக்க வைரக்கண்ணு. பதினோரு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில், நட்டநடுக் காயலில் அந்த எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. வைரக்கண்ணு கழியை எடுத்து ஊன்றினான். வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய சேற்றில் கழிதான் ஆள் உயரத்துக்கு இறங்கியதே தவிரப் படகு அசையவில்லை.

"தாயே மாரி, நீதான் கரை சேக்கணும்," என்று கைகூப்பினார் மாரியம்மன் கோயில் பூசாரி உத்திராபதி. தபால் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பக்கிரிசாமி, "ஒங்க மாரிக்கு டீசல் எஞ்சின் பிரிக்கத் தெரியுமாய்யா?" என்றார். அவளுக்குத் தெரியாதது எது என்றார் இவர். தெரிந்தவள் நிற்க விட்டிருப்பாளா என்றார் அவர். வார்த்தை வளர்ந்தது, உலகத்தைச் செய்தது யார், செய்தவனைச் செய்தது யார், வெள்ளத்தை அனுப்பியது யார், வெள்ளத்தில் மிதந்த கன்றுக்குட்டி செய்த பாவம் என்ன என்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்துப் போய்க்கொண்டே இருந்தது. காற்று இல்லை, நீரோட்டமோ எதிர்த்திசை. ஆனாலும் படகு வேலங்கரையைப் பார்த்து நிதானமாகப் போய்க்கொண்டிருந்ததை முதலில் கவனித்தவன் சுக்கானில் கை வைத்திருந்த வைரக்கண்ணுதான். வெற்றிலை போடுவதற்காக இருவரும் பேச்சை நிறுத்தினார்கள், படகு நின்றது. குதப்பிக்கொண்டே மறுபடி ஆரம்பித்தார்கள், படகு கிளம்பியது. கரை வந்ததும் எல்லாரும் அவரவர் பைகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள், ஏனென்றால் அன்று சந்தை நாள்.

மறுவாரம் புது எஞ்சின் வந்தது. அது நன்றாக உறுமியது, விசிறி சுற்றியது, புகை வந்தது, படகு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. மேலதிகாரி ஒருவர் நேரில் வந்து தட்டிப் பார்த்துவிட்டு "படகு நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, திரும்பும்போது பூசாரியும் தபால்காரரும் ஊழ்வினையைப் பற்றிச் சண்டை போட அந்தப் படகிலேயே கரை போய்ச் சேர்ந்தார். கிழித்தெறியத் தோன்றாமல் அந்த அறிக்கையைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். ஊரில் டீக்கடைக்கு டீக்கடை, சலூனுக்கு சலூன், இங்கே அரசியல் பேசக்கூடாது என்று பலகை தொங்குமே, அதுபோல ஆலந்திட்டுப் படகிலும் ஒரு பலகை தொங்கியது: "படகில் ஏறியவர்கள் கடவுளைப் பற்றிப் பேசவும். சும்மா இருக்கக் கூடாது."

படகின் குணம் போகப்போகத்தான் பிடிபட்டது. ஒரு பக்கம் இருக்கிறார் என்றும் ஒரு பக்கம் இல்லை என்றும் பேச்சு நடக்க வேண்டும். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் நின்றுவிடும். மூன்று மதத்துக்காரர்களும் கடவுளுக்கு உருவம் உண்டா இல்லையா என்று வாதாடிப் பார்த்தார்கள். படகு லேசாக ஆடியதே தவிர நகரவில்லை. கைகலப்பானால் வட்டமடித்தது. எல்லாவற்றையும்விட, மனதில் இல்லாததைப் பேசினால் அதற்குத் தெரிந்துவிடும். திருவிழாப் பட்டிமன்றத்துக்கு வந்த ஒரு பேச்சாளர், எந்த அணி என்றாலும் பிளந்து கட்டுவார் என்று பேரெடுத்தவர், ஏறி உட்கார்ந்து முக்கால் மணி நேரம் இல்லை என்று முழங்கினார். எல்லாரும் கைதட்டினார்கள், படகைக் கட்டிய கயிறுகூட இறுகவில்லை. பிறகு பக்கிரிசாமி தபால் பையோடு ஏறி, "என்னய்யா உத்திராபதி, நேத்து ராத்திரி ஒங்க மாரி கூரைல ஒழுகுச்சாமே," என்றார், படகு புறப்பட்டது.

இருவருக்கும் ஒருவரை ஒருவர் அடியோடு தோற்கடிக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தது. ஒருமுறை பக்கிரிசாமி கேட்ட கேள்விக்குப் பூசாரிக்குப் பதில் வராமல் படகு உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் நின்றது. பெண்கள் பூசாரிக்கு மோர் கொடுத்து விசிறினார்கள், அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள், கடைசியில் பக்கிரிசாமியே பொறுக்கமாட்டாமல் குனிந்து, "கையெழுத்து இருந்தா எழுதுன ஆள் இருக்கணும்ல, அப்பிடிப் புடிச்சிட்டுப் போய்யா," என்று காதில் ஓதினார். பூசாரியின் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு அந்தக் கையெழுத்தை வைத்தே அவர் பக்கிரிசாமியை மூன்று நாள் மடக்கினார்.

திட்டில் நம்பாதவர் என்று ஒருவர்தான் இருந்தார் என்பதால் அவரை ஊர் கண்ணாகப் பார்த்துக்கொண்டது. பொங்கல் வைத்தால் முதல் கரண்டி அவருக்கு, நோன்புக் கஞ்சியில் முதல் கிண்ணம் அவருக்கு, கிறிஸ்துமஸ் கேக்கில் முந்திரி அதிகமுள்ள துண்டு அவருக்கு. அவருடைய மனம் மாறி நம்பிக்கை வந்துவிடக் கூடாது என்று பெண்கள் மாரியம்மனுக்கு வெள்ளிக்கிழமைதோறும் விளக்குப் போட்டார்கள். வெளியூரிலிருந்து மதப்பிரசங்கம் செய்ய வந்த ஒருவர் பக்கிரிசாமியோடு தனியாகப் பேச வேண்டும் என்றபோது, மூன்று கோயில் ஆட்களும் சேர்ந்து அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அப்படியே திருப்பி அனுப்பினார்கள். நெஞ்சுவலி வந்த ஒரு ராத்திரியில் அவர் தூக்கத்தில் "கடவுளே" என்று முனகியதாக அவர் மனைவி வெளியே சொல்லிவிட, திட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை அவர் சுருங்கிய முகத்தோடு ஏறி உட்கார்ந்து, "அது நாக்குப் பழக்கம்," என்றார். படகு நகர்ந்த பிறகுதான் ஊருக்கு மூச்சு வந்தது.

இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் பேசாமல் இருந்தவன் ஒருவன்தான். வைரக்கண்ணு ஒரு நாளைக்கு நான்கு நடை, பதினோரு வருடம், இரண்டு பக்கத்தையும் கேட்டான். பூசாரி பேசும்போது அது சரி என்று பட்டது. தபால்காரர் பேசும்போது அதுவும் சரி என்று பட்டது. நீ என்ன சொல்கிறாய் என்று யாராவது கேட்டால், "தெரியலீங்க," என்பான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு எதிரிகளும் ஒரே கட்சி. "தெரியலங்கிறது ஒரு பேச்சாடா? மதில்மேல் பூனை," என்பார் பூசாரி. "பயந்தாங்கொள்ளி. இருந்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு காலு அங்க வச்சிருக்கான்," என்பார் தபால்காரர். படகு முழுக்கச் சிரிக்கும், அவனும் சேர்ந்து சிரிப்பான், ஆனால் வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு தனியாக உட்காரும்போது அது குத்தும். மனைவி அமுதா இறந்து பதினான்கு வருடம். பிள்ளை கிடையாது. நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்கு எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை என்றால் அவன் எதற்குத்தான் லாயக்கு என்று அவனே நினைத்துக்கொள்வான்.

பக்கிரிசாமி போன பிறகு படகுக்கு ஆள் பிடிக்கிற வேலையும் அவன் தலையில் விழுந்தது. காலையில் இறால் பிடிக்கப் போகிற சின்ன வத்தைத் தோணி ஒன்றில் தொற்றிக்கொண்டு வேலங்கரை போய், பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, "சாமி நம்பிக்கை இல்லாதவங்க யாராச்சும் திட்டுக்கு வாரீங்களா? சும்மா வந்துட்டுப் போவலாம், எளநீ உண்டு," என்று கூவினான். ஒரு நாள் மிக்ஸி விற்கிறவர் வந்தார், ஒரு நாள் மண் பரிசோதனைக்காரர் வந்தார், ஒரு நாள் காதலித்தவள் கைவிட்ட ஓர் இளைஞன் வந்து ஏறியதிலிருந்து கடவுளைத் திட்டிக்கொண்டே இருந்தான். திட்டுவதற்கு ஆள் இருக்கிறார் என்று அவன் நம்பியதால் படகு பாதியில் நின்றது. ஆள் கிடைக்காத நாளில் திட்டுக்காரர்கள் கரையில் பையோடு உட்கார்ந்திருந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விடுமுறை விட்டதாகச் சந்தோஷப்பட்டன, மளிகைக்கடை ஹாஜா பாய்க்குச் சரக்கு வந்து சேரவில்லை. யாராவது ஒருவர் நம்பிக்கையை விட்டுத்தான் ஆக வேண்டும் என்று பஞ்சாயத்தில் பேசினார்கள். சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுக்கவும் செய்தார்கள். பெயர் வந்தவர் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, முடியவில்லை, அம்மன் மன்னிக்க வேண்டும் என்று அழுதுவிட்டார்.

இப்படி ஒரு மாதம் போயிற்று. பங்குனி பிறந்து நான்காம் நாள் முற்பகல், கையில் மிக்ஸிக்காரர் கிடைத்த தைரியத்தில் வைரக்கண்ணு ஒரு நடை திட்டுக்கு வந்து, அவரை நண்டுக் குழம்போடு சாப்பிட உட்கார்த்திவிட்டுப் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். அப்போது சுகந்தி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தென்னந்தோப்பிலிருந்து ஓடிவந்தாள். தர்ஷிகாவுக்கு ஆறு வயது. மட்டை பொறுக்கப் போன இடத்தில் விரியன் கடித்திருந்தது. சுகந்தியின் புருஷன் தன் சின்ன வத்தையில் இறால் பிடிக்கக் கடல்வாய்க்குப் போயிருந்தான். திட்டிலிருந்த இன்னொரு வத்தையும் அங்கேதான். பூசாரியும் ஹாஜா பாயும் இரண்டு பெண்களும் கூடவே ஏறினார்கள். மிக்ஸிக்காரர் விஷயத்தைக் கேட்டு எச்சில் கையோடு ஓடிவந்து ஏறி, "பயப்படாதீங்க, நான் இருக்கேன்," என்று சொல்லி இல்லை என்று ஆரம்பிக்க, படகு வேகமாகத்தான் கிளம்பியது.

ஒரு மைல் வந்திருப்பார்கள். குழந்தையின் கால் முழங்கால் வரை வீங்கிவிட்டது, ஈறில் ரத்தம் கசிந்தது. சுகந்தி பேச்சை எல்லாம் கேட்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு, "தாயே, எங்கிட்டேருந்து எடுத்துக்காத, தாயே," என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மிக்ஸிக்காரருக்கும் வீட்டில் அதே வயதில் ஒரு பெண் இருந்தாள். அவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார், அந்தக் காலைப் பார்த்தார், கைகூப்பினார். பூசாரி கண்ணை மூடித் தாலாட்டு மாதிரி அம்மனைப் பாடினார், ஹாஜா பாய் உள்ளங்கை இரண்டையும் விரித்தார், பெண்கள் அழுதுகொண்டே கும்பிட்டார்கள். படகிலிருந்த அத்தனை பேரும் இருக்கிறார் என்று முழு மனதோடு நம்பிய அந்த நேரத்தில் படகு நின்றுவிட்டது.

வேலங்கரை கண்ணுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் மஞ்சள் சுவர்கூடத் தெரிந்தது. வைரக்கண்ணு கழியை எடுத்து ஊன்றினான், கழி சேற்றோடு போயிற்று. கத்தினால் கேட்கிற தூரமில்லை. பூசாரிக்கு முதலில் புரிந்தது, எழுந்து நின்று, கண்ணில் தண்ணீர் வழிய, "கடவுள் இல்ல. எங்கயும் இல்ல. கல்லுல இல்ல, செம்புல இல்ல, எல்லாம் நாம பண்ணி வச்சது," என்று பக்கிரிசாமி பேசுகிற பேச்சை ஒன்றுவிடாமல் பேசினார். படகு அவரை நம்பவில்லை. மிக்ஸிக்காரர் வாயைத் திறந்து பார்த்தார். வார்த்தை வந்தது, படகு அவரையும் நம்பவில்லை.

இல்லை என்கிற பாதி தன்னிடம் இருக்கிறது என்று வைரக்கண்ணுவுக்குத் தெரியும். ஆனால் அதை யாரிடம் சொல்வது, இந்தப் பெண்ணிடமா, அவள் கையில் மிச்சமிருக்கிற ஒரே பிடியை அவன் போய் உருவ வேண்டுமா என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. குழந்தை வாந்தி எடுத்தது. அவன் சுக்கானை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"சுகந்தி," என்றான். "யாரம்மா கூப்புடுற?"

அவள் நிமிர்ந்தாள். "என்ன மாமா?"

"அங்க ஆளு இருக்குன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்? ஒங்க அமுதாக்கா ஒம்பது வருசம் கூப்புட்டா. வெள்ளிக்கெழம தவறாம வெளக்குப் போட்டா, மண்சோறு தின்னா, நாகூருக்கு நடந்தா, வேளாங்கண்ணிக்கு நடந்தா. ஒரே ஒரு புள்ள கேட்டா. வரல. மஞ்சக்காமால வந்து கெடந்தப்ப, புள்ள வேணாம், அவளயாச்சும் விட்டுடுன்னு நான் கேட்டேன். அதுவும் வரல. வீட்டுக்குள்ள ஆளு இருந்தா ஒரு தடவயாச்சும் கதவத் தொறக்க மாட்டாங்களா?"

படகு ஒரு சாண் அசைந்தது. மற்றவர்கள் அவனையே பார்த்தார்கள். பதினோரு வருடத்தில் அவன் அந்தப் படகில் பேசிய முதல் பேச்சு அது.

"வாய மூடுங்க மாமா," என்றாள் சுகந்தி. "எம் புள்ள கெடக்குற கெடப்புல பேசற பேச்சா இது? நீங்கல்லாம் மனுசனா?"

"மனுசன் இல்லன்னே வச்சிக்க. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கேட்டது கெடைக்கலன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா? இது தெனமும் நூறு கேக்குது எங்கிட்ட. அத்தனயுமா குடுக்குறேன்? குடுக்கலங்கிறதுக்காவ நான் இதுக்கு அம்மா இல்லாமப் போயிட்டனா?" அவள் குரல் உயர உயரப் படகு முன்பக்கம் தூக்கிக்கொண்டு பாய்ந்தது, தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்து தெறித்தது. "எதுக்குக் குடுக்கலன்னு இதுக்குப் புரியாது. எனக்குத் தெரியும்ல?"

"மிட்டாய் கேட்டா குடுக்க வேணாம்," என்றான் வைரக்கண்ணு. "மூச்சு கேட்டா?"

சொன்ன மறுகணமே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் அவன் உயிரையே கொடுத்திருப்பான். சுகந்தி குனிந்து மகளைப் பார்த்தாள். பிறகு, உடம்பிலிருந்து எல்லாம் இறங்கிப் போனவள் மாதிரி, "ஆமா மாமா," என்றாள். "யாருமில்ல. நீங்க சொல்றதுதான் சரி."

கரைக்கு இன்னும் கால் மைல் இருந்தது. படகு அங்கேயே நின்றது.

பூசாரி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வைரக்கண்ணு ஜெயித்திருந்தான்; வாழ்க்கையில் அவன் ஜெயித்த ஒரே வாதம் அது, அதைப்போல ஒரு தோல்வி அவனுக்கு வேறு வந்ததில்லை. ஆனால் அவனிடம் இன்னும் ஒரு பாதி இருந்தது, அதையும் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"இரு சுகந்தி, நான் பாதியத்தான் சொன்னேன்," என்றான். "அவ போன அன்னிக்கு நடந்தத நான் சொல்லல. காலைலேருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவ என்னயப் பாத்துச் சிரிச்சா. 'நீ ஏன் பயப்புடுற, எனக்குத் தொண இருக்கு,' அப்பிடின்னா. ஒம்பது வருசம் கேட்டு ஒண்ணும் கெடைக்காதவ சொல்றா. ஏமாந்தவ மூஞ்சி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும், அது ஏமாந்த மூஞ்சி இல்ல. யாரு தொணன்னு நான் கேக்காம விட்டுட்டேன். அந்த மூஞ்சியப் பாத்தவன் இல்லன்னு எப்பிடிச் சொல்லுவான்?"

"அது மனசு பண்ற வேல மாமா," என்றாள் சுகந்தி. அவள் குரலில் உயிர் இல்லை, ஆனாலும் படகு தரையிலிருந்து கழன்ற மாதிரி ஆடியது. "வலி முத்திப்போனா அப்பிடித்தான் சிரிப்பாங்க."

"இருக்கலாம். நானும் அப்பிடித்தான் நெனச்சேன். அப்பறம் யோசிச்சேன், வெறும் மனசுன்னா அது எனக்கும் இருக்குல்ல, எனக்கு ஏன் அந்தச் சிரிப்பு வரல? அவளுக்கு மட்டும் அது எங்கேருந்து வந்திச்சு?"

"சும்மா சொல்லாதீங்க. நீங்களே இல்லன்னீங்க, நீங்களே இருக்குங்கிறீங்க."

"ரெண்டும் என் வயித்துலேருந்துதாம்மா வருது. ரெண்டும் ராவுல என்னயத் தூங்க விடாத விஷயம்."

அவள் அவனைத் திட்டினாள். செத்துப்போனவளை வைத்து வியாபாரம் பண்ணாதீர்கள் என்றாள். இருக்கிறவன் இந்தப் பிஞ்சைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பான் என்றாள்; சும்மா இருக்கிறான் என்று உனக்கு யார் சொன்னது, நீ இப்படிக் கத்துகிறாயே, இந்தக் கத்தல் எங்கிருந்து வருகிறது என்றான் அவன். பொய்க்கு ஓர் அங்குலம் நகராத அந்தப் படகு, ஒரே மனிதன் இரண்டு பக்கமும் பேசியதற்குப் பறந்தது. வேலங்கரைத் துறையில் நிற்காமல் படிமேல் ஏறி, சோடாக் கடைப் பெஞ்சை முட்டித்தான் நின்றது. சோடாக் கடைக்காரர் குழந்தையை வாங்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். சுகந்தி வைரக்கண்ணுவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஐந்து நாள் அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் இருந்தான். உள்ளே போகத் துணிவில்லை. அவன் சொன்ன வார்த்தை அவனுக்கே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் சுகந்தி வெளியே வந்து ஒரு டம்ளர் காபியை அவன் பக்கத்தில் வைத்தாள். "கண்ண முழிச்சிட்டா. பன்னு கேக்குறா," என்றாள். "நீங்க அன்னிக்குப் பேசுனதுக்கு ஒங்கள நான் மன்னிக்கணுமா, கும்புடணுமான்னு தெரியல மாமா," என்றாள். "எனக்கும் தெரியலம்மா," என்றான் அவன், இந்த முறை அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இல்லை. காபி ஆறிப்போகும்வரை அழுதான்.

ஆறாம் நாள் காலை தர்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு திட்டுக்குத் திரும்பினார்கள். இரண்டு வத்தைகளிலும் நடை நடையாக வந்து சேர்ந்திருந்த திட்டுக்காரர்கள் படகு நிறைய இருந்தார்கள். மாலை, மாரியம்மனுக்குப் பட்டு, மாதாவுக்கு மெழுகுவர்த்தி, தர்காவுக்குச் சர்க்கரை. தாயே காப்பாற்றினாள் என்றார்கள், இறைவன் கருணை என்றார்கள், ஆமாம் ஆமாம் என்றார்கள், ஒருவர் பாக்கியில்லாமல் ஆமாம் என்றார்கள். வைரக்கண்ணு கயிற்றை அவிழ்த்தான். படகு துறையிலேயே கிடந்தது.

"வைரம், நீ ஆரம்பி," என்றார் ஹாஜா பாய். எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் வாயைத் திறந்தான். எதிரே குழந்தை அப்பா மடியில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தண்ணீரில் மீனுக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அவன் தனக்குள் எவ்வளவோ துழாவிப் பார்த்தான்.

"இன்னிக்கு எனக்கு இல்லங்கிற பக்கம் வரல பாய்," என்றான். "பொய் சொன்னா இது போவாது."

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வெயில் ஏறியது, மாலைகள் வாடத் தொடங்கின, பன் தீர்ந்துபோன குழந்தை காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. கட்டு அவிழ்த்திருந்த அந்தக் கால் இன்னும் கருத்து, தோல் உரிந்து, கணுக்காலில் இரண்டு சின்னக் குழிகளோடு பூசாரி உத்திராபதியின் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. கடித்தது மாரியம்மன் கோயில் மதிலை ஒட்டிய தோப்பில் என்பது அவருக்குத் தெரியும். நாற்பது வருடம் அவர் விளக்கேற்றிய இடத்துக்குப் பத்தடி தள்ளி. அவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு யாரைக் கேட்கிறோம் என்று தெரியாதவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"காப்பாத்துனது அவ. சரி. பாம்ப அனுப்புனது யாரு?"

படகு துறையை விட்டு நகர்ந்தது.

பூசாரி இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். துறை பின்னால் போவதைப் பார்த்தார், வைரக்கண்ணுவைப் பார்த்தார். அவருடைய முகம் வெளுத்துவிட்டது. "நான் சும்மாதான் கேட்டேன்," என்றார். சும்மா கேட்டதற்கெல்லாம் அந்தப் படகு நகராது என்பது அதிலிருந்த எல்லாருக்கும் தெரியும், அவரைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது. வைரக்கண்ணு சுக்கானை விட்டு எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தான். பதினோரு வருடம் தன்னைப் பார்த்துச் சிரித்த மனிதரைப் பார்த்து அவனுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அந்த இடம் எவ்வளவு தனிமையானது என்று அவனுக்குத் தெரியும்.

"பயப்புடாதீங்க ஐயா," என்றான். "இங்க நான் ரொம்ப வருசமா இருக்கேன்."

ஆனால் ஒரு கேள்வி மட்டும் போதாது, இன்னும் ஒன்றரை மைல் இருந்தது, படகு தயங்கத் தொடங்கியது. அப்போது சுகந்தி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பூசாரிக்கு நேர் எதிரே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அதுக்கு நான் பதில் சொல்றேன் பூசாரி ஐயா," என்றாள். "தப்பா இருந்தா விட்டுக்குடுக்காதீங்க."